மாம்பலத்து மாடியிலிருந்து மழைக்காட்டுக்கு: முதல் நடைக்கு ஒரு செய்முறை

சென்னைக்காரர்களுக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விடியற்காலையில் மெரினாவில் கால் மணி நேரம் நின்று பார்த்தாலே போதும். ஆனால் அந்த நடையை அப்படியே மழைக்காட்டுக்குள் கொண்டுபோனால் முதல் அரை மணி நேரத்திலேயே வழுக்கி உட்கார்ந்துவிடுவோம். நான் உட்கார்ந்தேன். கடற்கரையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகிறவன், ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம் என்ன பெரிய விஷயம் என்று வேகமாகக் காலெடுத்து வைத்தேன். ஈரமான வேர் ஒன்று என் கணக்கைச் சரிசெய்தது. "மெல்லெ சாரே, மெல்லெ" என்று சொல்லிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார் வழிகாட்டி. அந்த "மெல்லெ"யை ஊரிலேயே பழகிக்கொண்டு போவது எப்படி என்பதுதான் இந்தச் செய்முறை. சுமார் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

படி 1: எந்தக் காடு என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதே என்று கேட்கலாம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. புள்ளிமான், வெளிமான் எல்லாம் உண்டு. ஆனால் அது உலர் பசுமைமாறாக் காடு. மழைக்காடு அல்ல. அதன் உட்பகுதியில் நாம் நினைத்தபோது நடக்கவும் முடியாது.

மழைக்காட்டுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும். முதல் நடைக்கு நான் சொல்வது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கு. சைலன்ட் வேலி என்றால்தான் பலருக்குப் புரியும். முக்காலி என்ற ஊரிலிருந்து வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் 23 கிலோமீட்டர் காட்டுக்குள் போனால் சைரந்திரி. அங்கே 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்காணிப்புக் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இறங்கினால் குந்திப்புழை ஆறு. தூரம் குறைவு, கூடவே வழிகாட்டி வருவார், காடோ அசல் காடு. புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காடு தப்பியதற்கு ஒரு வரலாறு உண்டு. குந்திப்புழையில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க 1970களில் திட்டம் போட்டார்கள். பல ஆண்டுகள் நீடித்த எதிர்ப்புக்குப் பின் 1983-ல் அது கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. அணை வரவிருந்தது சைரந்திரிப் பகுதியில்தான். கோபுரத்தில் ஏறி நின்று பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தில் எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றிருக்கும் என்று மனது தானாகவே கோடு போட்டுப் பார்க்கும்.

படி 2: நாள் குறியுங்கள்

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைதான் நம் ஏரிகளை நிரப்புகிறது. மலையின் மேற்குச் சரிவில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். நமக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற சுமார் 1400 மில்லிமீட்டர் மழையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அங்கே பெய்கிறது. சென்னையில் ஆடி வெயில் காய்கிறதே என்று அந்த நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டையும் அப்போது குறைவு. (குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை.)

படி 3: அனுமதியை முதலில் வாங்குங்கள்

ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வனத்துறையிடம் பேசி வண்டிக்கும் வழிகாட்டிக்கும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதற்கு வரம்பு உண்டு. முக்காலி வரை போய்விட்டுத் திரும்பிவரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

"யாருக்கும் தெரியாத வழி ஒன்று இருக்கிறது, அனுமதி எதுவும் வேண்டாம்" என்று அழைக்கும் குழுக்களோடு ஒருபோதும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்று முதல் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம்தான். தமிழ்நாட்டுக்குள் நடக்க விரும்பினால், 2024-ல் தமிழக வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையம் வழியாகவே பதிவு செய்யலாம்.

படி 4: காலணியை வாங்கி, நனைத்துப் பாருங்கள்

விலை முக்கியமல்ல, அடிப்பாகம்தான் முக்கியம். ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடி வேண்டும். பளபளவென்று தட்டையாக இருக்கும் ஓட்டக் காலணிகள் ஈரப்பாறையில் சறுக்கும். மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறக்கத்தில் விரல் நுனி முன்னால் போய் இடிக்காத அளவுக்கு இடம் வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். புதுக் காலணியை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு அணிந்துகொண்டு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நடங்கள். உலர்ந்திருக்கும்போது உறுத்தாத இடமெல்லாம் நனைந்தால் உறுத்தும். குதிகாலிலா, சுண்டுவிரலிலா என்று மாடியிலேயே தெரிந்துவிடும். கொப்புளம் வர வேண்டிய இடத்தில் முன்கூட்டியே மருத்துவ நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். மழைக்காட்டில் எந்த நீர்புகாக் காலணியும் கடைசிவரை காப்பாற்றாது. தண்ணீர் மேல்வழியாக இறங்கிவிடும். ஈரத்தோடு நடக்கப் பழகிவிட்டால் அந்தக் கவலை விடும்.

படி 5: இறங்கப் பழகுங்கள்

மூச்சுப் பயிற்சியைவிட முழங்கால் பயிற்சி அவசியம். நமக்குக் கைவசம் பரங்கிமலை இருக்கிறது. அதன் பழைய கற்படிகளில் வாரம் இரண்டு நாள் ஏறி இறங்குங்கள். ஏறுவதை விட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் வரும். இறங்கும்போது உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி, முழுப் பாதத்தையும் ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள். மழைநாளில் வேண்டாம், காட்டுக்குப் போகும் முன்பே மாவுக்கட்டு போட வேண்டிவரும். மற்ற நாட்களில் வீட்டுப் படிக்கட்டு போதும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் மணலில் அரை மணி நேரம் நடப்பது கணுக்காலுக்கு நல்லது. அங்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிற்க வேண்டும், நின்று எதையாவது ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

படி 6: அட்டை உறை தைத்துக்கொள்ளுங்கள்

சாதாரணக் காலுறையின் பின்னல் கண்கள் வழியாக அட்டை புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில், முழங்கால் வரை வரும் பை போன்ற உறை வேண்டும். கடையில் கிடைக்கும். நானோ நல்ல காடாத் துணி வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். பாதத்தின் அளவுக்கு இரண்டு பைகள், மேலே நாடா கோக்க மடிப்பு. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காபி வடிகட்டவா சார், இவ்வளவு பெரிதாக?" என்று கேட்டார்.

அணியும் முறை: முதலில் காலுறை, பேன்ட் நுனி அதன் உள்ளே, அதற்கு மேல் காடா உறை, கடைசியில் காலணி. முழங்காலுக்குக் கீழே நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், கால் மரத்துப்போகும் அளவுக்கு வேண்டாம். வெள்ளைத் துணியாக இருந்தால் ஏறிவரும் அட்டை உடனே கண்ணில் படும்.

படி 7: பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்; நனைந்தால் கனக்கும், காயாது. மெல்லிய, சீக்கிரம் உலரும் முழுக்கால் உடை, முழுக்கைச் சட்டை. நிறம் பச்சை, பழுப்பு, மண் நிறம். மழைக்கோட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில், மாற்றுக் காலுறை, இருநோக்கி. தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு மறந்துவிடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கொண்டுபோங்கள், கெடாது. கடலை மிட்டாயை வீட்டிலேயே உறை பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். நெகிழிக் காகிதம் காட்டுக்குள் போகக் கூடாது. வாசனைத் திரவியம், மல்லிகைப் பூ எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

சென்ட்ரலில் இரவு மங்களூரு மெயில் ஏறினால் விடிகிற நேரத்தில் பாலக்காடு சந்திப்பு. அங்கிருந்து பஸ்ஸில் மண்ணார்க்காடு, பிறகு அட்டப்பாடி போகும் பஸ்ஸில் மலையேறினால் முக்காலி. ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கிவிடுவது நல்லது.

படி 8: தடத்தில்

வழிகாட்டிக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக. வேரின்மேல் கால் வைக்காதீர்கள், வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில் வையுங்கள். பாசி படிந்த பாறையையும் அப்படியே தவிர்த்துவிடுங்கள். தடுமாறினால் கைக்கு எட்டியதைப் பிடிக்கத் தோன்றும். தொட்டாலே நாள் கணக்கில் எரியும் செடிகளும், இலையோடு இலையாகப் படுத்திருக்கும் பாம்புகளும் உண்டு. அதனால் கையில் ஒரு கோல் இருக்கட்டும்.

இனி மெதுவாக நடப்பதன் பலன். தரையில் முள் முள்ளாக, குட்டிப் பலாக்காயைப்போல ஒன்று கிடந்தால் நில்லுங்கள். அது வெடிப்பலா. கடித்த இடம் புதிதாக இருந்தால் தலையை உயர்த்திப் பாருங்கள். உச்சிக் கிளைகளில் சிங்கவால் குரங்குகள் இருக்கக்கூடும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம் அது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. இந்த மரத்தின் பழமும் பூவும் அதற்கு முக்கிய உணவு. மரக்கிரீடங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் பெரும்பாலும் தரைக்கே வராமல் மேலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். காற்றைக் கிழிப்பதுபோல் பெரிய சிறகொலி கேட்டால் அது இருவாச்சிப் பறவை. அடிமரத்தில் பலகை வைத்ததுபோல் விரிந்திருக்கும் வேர்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஆழமில்லாத மேல்மண்ணில் அவ்வளவு உயர மரம் சாயாமல் நிற்க அவை உதவுகின்றன.

வழிகாட்டி கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள். யானையாக இருக்கலாம். பேசக் கூடாது, ஒளிப்படம் எடுக்கக் கூடாது, தானாக ஓடக் கூடாது. அவர் சொல்கிற பக்கம் நகருங்கள்.

படி 9: அட்டை கடித்துவிட்டது

கடிக்கும். பதறாதீர்கள். உப்பையோ நெருப்பையோ வைத்தால் குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும். அதனால் புண் சீழ்பிடிக்கலாம். ஒல்லியான முனையில்தான் வாய் இருக்கும். அந்த இடத்தில் தோலோடு ஒட்டி நகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். உடனே தடித்த முனையையும் அதேபோல் விடுவித்துத் தூர எறியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. அதனால் இரத்தம் வெகுநேரம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம், இழப்பு கொஞ்சம்தான். கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அரிக்கும், சொறியாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

படி 10: வீடு திரும்பியபின்

ரயில் ஏறும் முன் பையின் மடிப்பு, காலணியின் நாக்கு, சட்டைக் காலர் மூன்றையும் பாருங்கள். ஒரு முறை என் மேல் படுக்கையிலிருந்து கீழ் படுக்கைப் பெரியவரின் போர்வைக்கு ஓர் அட்டை இறங்கிப் போனது. காட்பாடி வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். நம் வெயிலில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். காடா உறையை மட்டும் வெந்நீரில் போடாதீர்கள், இரத்தக் கறை அப்படியே பதிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் சோப்புப் போட்டுக் கசக்கினால் பாதிக்கு மேல் போய்விடும்.