வீட்டு லேப்டாப்பில் ஆபீஸ் ஃபோல்டர் திறக்கவில்லையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருக்கிறேன். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கு, அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளப் பதிவு, என்னோடு வீட்டுக்கும் வந்துவிடும். போன மாதம், வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக உதவும் விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டியும் ஆபீஸ் ஃபோல்டர் மட்டும் திறக்கவே இல்லை. இரண்டு இரவு மல்லுக்கட்டினேன்.

முதலில் கணினியின் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்பதுபோல ஆபீஸ் கணினியின் ஐபி முகவரியை அடியுங்கள். திறந்தால் பெயரில்தான் கோளாறு. இனி எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை அடித்துப் பதில் வரவில்லையே என்று பதற வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வாலே அதைத் தடுத்திருக்கலாம்.

எனக்கு எண்ணிலும் திறக்கவில்லை. சரி என்று கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டேன், உடனே திறந்தது! அப்புறம் வீட்டு வைஃபையில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, லேப்டாப்பின் ஐபி முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்தபோதுதான் புரிந்தது. வீட்டு ரவுட்டரின் முகவரியும் 192.168.1 என்று தொடங்குகிறது, ஆபீஸிலும் அதே 192.168.1. ஒரே லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவெண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? லேப்டாப் அந்த எண்ணை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது, விபிஎன் பக்கம் போகவே இல்லை.

வீட்டு ரவுட்டரின் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியை 192.168.50.1 என்று மாற்றினேன், தீர்ந்தது. வாசல் கேமராவுக்கு நிலையான எண் கொடுத்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆபீஸ் ரவுட்டரில் கை வைக்காதீர்கள். பிரிண்டர் முதல் எல்லாம் படுத்துவிடும்.

கடவுச்சொல் கேட்டுக்கேட்டுத் திருப்பி அனுப்பினால், விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் (PIN) எண் இங்கே செல்லாது, அது அந்தந்தக் கணினிக்கு மட்டும்தான்.

விபிஎன் எதற்கு, ஆபீஸ் ரவுட்டரில் ஃபோல்டர் பகிர்வுக்கான வாசலான 445ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்.

ஆபீஸ் ஃபோல்டருக்கு Z: போல டிரைவ் எழுத்து கொடுத்து வைத்திருந்தால், லேப்டாப் திறந்ததும் அதில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும். விபிஎன்னை இணைத்துவிட்டு ஒருமுறை கிளிக் செய்யுங்கள், போய்விடும்.