மருந்தகக் கணினியில் இருப்பு சரியாக நிற்க

கணினி வைத்தபிறகும் "மெட்போமின் இல்லை, வெளியில் எடுங்கள்" என்று கிளினிக் கொப்பியோடு வந்த நீரிழிவு நோயாளியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், பதிவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. எக்செல் மட்டும் உள்ள பிரதேச வைத்தியசாலைக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தட்டையும் எண்ணுங்கள். பழைய பேரேட்டு எண்ணை அப்படியே ஏற்ற வேண்டாம். ஒரு மருந்துக்கு ஒரே எஸ்.ஆர். இலக்கம் (மருத்துவ வழங்கல் பிரிவு ஒவ்வொரு மருந்துக்கும் தரும் எண்), பெயரை நம்பினால் எழுத்துக்கூட்டல் மாறி ஒரே மருந்து இரண்டு வரியில் நிற்கும். அலகு குளிசைதான். நூறு குளிசைப் பெட்டி 50 வந்தால் 5,000 என்று ஏற்றுங்கள். அவசரத்தில் 50 என்று அடித்துவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் சாய்ந்துவிடும்.

எக்செலில் தொகுதி (பாட்ச்) இலக்க நிரலை ஏற்றுமுன்பே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லையேல் 0045 வெறும் 45 ஆகிவிடும். மருந்தைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கடிதம் வரும் நாளில் தேடிக் கிடைக்காது.

பெட்டியில் டேட்டாமேட்ரிக்ஸ் சதுரக் குறி இருந்தால் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். கோட்டுக் குறி மட்டும் வாசிக்கும் ஸ்கேனருக்கு அது பிடிபடாது, 2டி ஸ்கேனர் வேண்டும். திகதி 270600 என்பதுபோல் வரலாம். முடிவில் 00 என்றால் 2027 ஜூன் கடைசி நாள். எக்செலின் திகதிச் சூத்திரமோ நாள் 0 என்பதை மே 31 ஆக்கிவிடும். 00 வரும்போது மட்டும் மாதத்தோடு 1 கூட்டுங்கள்.

அடுத்தது எப்போது மருந்து கேட்பது என்பது. 400 பேர் நாளுக்கு இரண்டு குளிசை எடுத்தால் நாட்செலவு 800. வந்து சேர 14 நாள், கையிருப்புக் காப்பு 14 நாள்: 22,400க்கு இறங்கியதும் கேட்க வேண்டும். மாரியில் இந்தக் கணக்கு போதாது. காரைதீவு–மாவடிப்பள்ளித் தாம்போதியில் வெள்ளம் பாய்ந்தால் அம்பாறைப் பக்கமிருந்து லொறி வராது. ஐப்பசியிலேயே வரவு நாளை 21 ஆக்கிவிடுங்கள். எல்லை 28,000 ஆகும்.

சராசரி எடுக்கும்போது மருந்து இல்லாத நாட்களைக் கழிக்க வேண்டும். மாதத்தில் பத்து நாள் தட்டு வெறுமையாகி 16,000 குளிசை போயிருந்தால், 30ஆல் வகுத்தால் 533, இருபதால் வகுத்தால் 800. முதல் எண்ணை நம்பி மருந்து கேட்டால் அடுத்த மாதமும் நோயாளிகள் வெறுங்கையோடு போவார்கள். தட்டுப்பாடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

வார்ட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த நாலு பெட்டியையும் கொடுக்கும்போதே பதியுங்கள், மாலைக்கு வைத்தால் மறந்துபோகும். கரண்ட் போனால் கணினிக்கு யு.பி.எஸ். போதும், லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருக வேண்டாம், சுமை தாங்காது. வெள்ளிதோறும் இருப்புப் பட்டியலை அச்சிட்டு வையுங்கள். அதில் பத்து மருந்தைத் தெரிந்து தட்டோடு எண்ணுங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்துமுன் கடைசி ஏழு நாள் துண்டுகளைப் பாருங்கள். காரணம் தெரியாமல் திருத்திய எண் அடுத்த வெள்ளியும் பிழைக்கும்.