நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்: வீட்டுக் கணினியில் மென்பொருள் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவினர் வீட்டுக்கு எதற்குப் போனாலும் கடைசியில் நான் உட்காருவது அவர்கள் கணினி முன்னால்தான். "நீ வந்தது நல்லதாப் போச்சு, இதைக் கொஞ்சம் பாரேன்" என்பார் சித்தி. பார்த்தால் கணினியில் கோளாறு எதுவும் இருக்காது. ப்ரௌசரைத் திறந்தால் கேள்விப்படாத ஒரு தேடுபொறி வந்து நிற்கும். மூலையில் ‘உங்கள் கணினியில் 1,243 பிழைகள்’ என்று ஒரு சிவப்புப் பெட்டி மின்னும். "நான் ஒண்ணுமே பண்ணலை. ஒரு பாட்டை வெட்டி ரிங்டோன் ஆக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டேன், அவ்வளவுதான்" என்பார்.

அவர் சொல்வது உண்மைதான். பாட்டு வெட்ட, படம் பார்க்க, போட்டோ திருத்த, கடிதம் அடிக்க என்று வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் நல்ல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது வந்து சேரும் வழியில்தான் சிக்கல். வேண்டும் என்று தோன்றிய நிமிடத்துக்கும் ‘ஃபினிஷ்’ அழுத்தும் நிமிடத்துக்கும் நடுவில் உள்ள ஐந்து நிமிட அவசரத்தில்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

தேடலில் முதலில் வந்ததை அழுத்துவது

கூகுளில் ஒரு மென்பொருளின் பெயரைப் போட்டால் உச்சியில் வருவது பல நேரம் விளம்பரம். யார் பணம் கட்டினாலும் அந்த இடம் கிடைக்கும். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் படம் பார்க்கும் விஎல்சி, கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப், திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் போன்ற பெயர்களில் மோசடிக்காரர்கள் இப்படி விளம்பரம் வாங்கி, அசல் தளத்தை அச்சாக நகலெடுத்த பக்கங்களுக்கு ஆட்களை இழுத்தார்கள். அங்கே இறங்கிய கோப்பு ப்ரௌசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடியது.

அழகை வைத்து அசலைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். 7-ஜிப்பின் உண்மையான தளம் போன நூற்றாண்டில் செய்து அப்படியே விட்ட மாதிரி இருக்கும். போலிதான் பளபளவென்று இருக்கும். முகவரியைத்தான் பார்க்க வேண்டும்: 7-க்கும் ஜிப்புக்கும் நடுவில் ஒரு சிறு கோடு, முடிவில் டாட் ஓஆர்ஜி. விஎல்சியின் வீடு விஎல்சி என்ற பெயரிலேயே இல்லை. 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வீடியோலேன் திட்டத்திலிருந்து வந்தது என்பதால், வீடியோலேன் டாட் ஓஆர்ஜி என்பதே அதன் முகவரி. நினைவில் இல்லையென்றால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்துக்குப் போங்கள். வலது பக்கப் பெட்டியில் அதிகாரப்பூர்வத் தளத்தின் இணைப்பு இருக்கும். நானே இன்றும் பல நேரம் அந்த வழியாகத்தான் போகிறேன்.

ஆயிரம் மென்பொருள்களை ஒரே இடத்தில் தரும் டவுன்லோட் தளங்கள் இன்னொரு பொறி. பக்கத்தில் மூன்று ‘டவுன்லோட்’ பொத்தான்கள் இருந்தால், பெரிதாகப் பச்சையாக இருப்பது பெரும்பாலும் விளம்பரம். பெயர்பெற்ற தளங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. இலவசத் திட்டங்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2013-இல் இன்ஸ்டாலர்களோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துத் தரத் தொடங்கியபோது, போட்டோ திருத்தும் ஜிம்ப் அங்கிருந்து வெளியேறியது. 2016-இல் உரிமையாளர் மாறிய பிறகுதான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேடலே தேவைப்படாத வழிகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விஎல்சியும் ஜிம்ப்பும் கிடைக்கின்றன. நைனைட் என்ற தளத்தில் வேண்டியவற்றை டிக் செய்தால் ஒரே இன்ஸ்டாலராகத் தரும், டூல்பார் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

சரி, சரியான இடத்திலிருந்தே இறக்கினாலும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போவது தவறு. ‘கஸ்டம்’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ என்று ஒன்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் தேடுபொறி, ஆன்டிவைரஸ், கூப்பன் சமாச்சாரங்கள் அங்கேதான் கண்ணில் படும். ‘டிக்லைன்’ பொத்தானை வேலை செய்யாததுபோல வெளிறிய நிறத்தில் வைத்திருப்பார்கள். தைரியமாக அழுத்தலாம், வேலை செய்யும்.

சுத்தம் செய்யும் மென்பொருள் என்ற அசுத்தம்

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் பலர் தேடுவது ஒரு க்ளீனர். ரெஜிஸ்ட்ரி க்ளீனர், ராம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் என்று இந்தக் குடும்பம் பெரிது. என் பார்வையில் வீட்டுக் கணினிக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பேரேடு. லட்சக்கணக்கான வரிகள் உள்ள அதில் ஆயிரம் பழைய வரிகள் கிடந்தால் கணினிக்கு ஒரு பாரமும் இல்லை. ஆனால் அவற்றோடு தேவையான ஒரு வரி போய்விட்டால் ஏதோ ஒன்று திறக்காது, காரணமும் பிடிபடாது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. ராம் பூஸ்டர் இன்னும் வேடிக்கை. கணினியின் தற்காலிக நினைவகமான ராம் நிறைந்திருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அடிக்கடி திறப்பவை உடனே வரட்டும் என்று விண்டோஸ்தான் அவற்றை அங்கே வைத்திருக்கிறது. பூஸ்டர் அதைத் துடைத்துப்போடும், அடுத்த நொடியே விண்டோஸ் மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்து நிரப்பும். டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருளும் இப்படித்தான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு அர்த்தம் இருந்தது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸ் தானாகவே செய்துகொள்கிறது.

சீக்ளீனர் என்ற பிரபலமான க்ளீனரின் கதை இங்கே சொல்லத் தகுந்தது. 2017-இல் அதன் 5.33 பதிப்புக்குள்ளேயே தாக்குபவர்கள் தங்கள் நிரலைப் புகுத்திவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, அதிகாரப்பூர்வத் தளத்திலேயே அது ஒரு மாதம் வழங்கப்பட்டது. சுமார் 22 லட்சம் கணினிகளில் போய் உட்கார்ந்தது. அவர்கள் யாரும் முகவரியில் ஏமாறவில்லை. ஆகவே சரியான தளம் என்பது பாதிப் பாதுகாப்புதான். தேவையே இல்லாத ஒன்றைப் போடாமல் இருப்பது மீதிப் பாதி.

மெதுவாகிவிட்ட கணினியில் நான் முதலில் பார்ப்பது ஸ்டார்ட்அப் பட்டியல். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் கணினியோடு சேர்ந்து விழித்துக்கொள்ளும் மென்பொருள்களின் வரிசை இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தொடும் பிரிண்டர் உதவியாளன் முதல் மீட்டிங் செயலிகள் வரை. தேவையில்லாததை டிசேபிள் செய்தால் போதும். இன்னும் சுழலும் டிஸ்க்கே இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுவதுதான் மருந்து.

ஆன்டிவைரஸையும் இதோடு சொல்லிவிடலாம். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. வெளியிலிருந்து ஒன்று போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்தே இரண்டைப் போட்டால் ஒன்றை ஒன்று சந்தேகித்துச் சண்டையிடும், நடுவில் கணினி திணறும்.

கிராக்

ஒழுக்கப் பாடம் வேண்டாம், நடைமுறையை மட்டும் பார்ப்போம். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக் கோப்போடு வரும் குறிப்பின் முதல் வரி அநேகமாக ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்’ என்று இருக்கும். வீட்டுக்குள் வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொல்கிறான். வீட்டுப் பயனாளர்களைக் குறிவைத்த ஸ்டாப் என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பெரும்பாலும் பரவியதே கிராக், போலிச் சாவி எண் தரும் கீஜென் கோப்புகள் வழியாகத்தான். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிடும்.

கிராக் தேடும் அளவுக்குத் தேவையும் இல்லை. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரேஆபீஸ், படம் வரைய கிரிட்டா, ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோ வெட்ட ஷாட்கட் என எல்லாமே இலவசம். முப்பரிமாண அனிமேஷனுக்கு பிளெண்டர் இருக்கிறது. 2025 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படமாகத் தேர்வானது அதில்தான் உருவானது. இங்கே மக்கள் செய்யும் தவறு, ஜிம்ப்பைத் திறந்து ஃபோட்டோஷாப்பைத் தேடுவது. பொத்தான்கள் வேறு இடத்தில்தான் இருக்கும். இரண்டு வாரம் கொடுங்கள், கை பழகிவிடும். அப்புறம், கணினிக்குத் தாங்குமா என்றும் பாருங்கள். வீடியோ வெட்டும் டாவின்சி ரிசால்வ் இலவசம் என்று ஆசையாக இறக்குவார்கள். அது 16 ஜிபி ராமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் எதிர்பார்க்கும். 4 ஜிபி கணினியில் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இறந்துபோனதைத் தேடுவது

பழகிய மென்பொருள் மேல் ஒரு பாசம் இருக்கும். போட்டோக்களை அடுக்கி வைக்கும் பிகாசாவை 2016-இலும், வீடியோ வெட்டும் மூவி மேக்கரை 2017 ஜனவரியிலும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஆட்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தேடலை வைத்தே ஒரு போலி மூவி மேக்கர் தளம் 2017-இல் கூகுளில் மேலே வந்தது. உள்ளே இருந்தது மாற்றியமைத்த பதிப்பு. வீடியோவைச் சேமிக்கப் போனால், இலவசமாக இருந்த அதற்குப் பணம் கேட்டது.

ப்ரௌசரில் வீடியோவும் விளையாட்டும் ஓட வைத்த ஃப்ளாஷும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இன்றைக்கு எந்தப் பக்கமாவது ‘ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்’ என்றால் சந்தேகமே வேண்டாம், ஏமாற்று. பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகள் மனதில் நிற்கின்றன என்றால் ஃப்ளாஷ்பாயின்ட் என்ற ஆவணக்காப்பகம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும், எச்சரிக்கை.

உயிரோடு இருக்கும் மென்பொருளும் நம்மிடம் பழையதாகிக் கிடக்கலாம். கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. 19 வருடங்களாக அதற்குள் கிடந்த ஓட்டை ஒன்று 2019-இல் வெளியே தெரிந்தது. 5.70 பதிப்பில் அதை அடைத்தார்கள், ஆனால் அதை இறக்கிப் போட வேண்டியது நாம். 7-ஜிப்பும் அப்படித்தான்.

ப்ரௌசருக்குள் சேர்த்துப் போடும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களில் எதிர்ப்பக்க ஆபத்து. அவை சத்தமில்லாமல் தாமாகவே மாறும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷன் 2020-இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீய நிரல் இருக்கிறது என்று கூகுள் நீக்கியது. போட்டவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, போட்டதை மறந்துபோனதைத் தவிர.

சேமித்த பிறகும் காணாமல் போவது

இது என் சொந்தத் தவறு. மடிக்கணினியில் இடம் போதவில்லை. படங்கள்தான் கிளவுடில் இருக்கின்றனவே என்று ஒரு ஃபோல்டரை அழித்தேன். அழித்ததையும் சேர்த்து அது ஒத்திசைத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். இந்தச் சேவைகளின் குப்பைத்தொட்டி பொதுவாக 30 நாட்களில் காலியாகிவிடும். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இப்போது ஒரு வெளி டிஸ்க் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். செருகியபடியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

கோப்பு வகையிலும் கவனம் வேண்டும். ஆடாசிட்டியில் ‘சேவ்’ கொடுத்தால் கிடைப்பது பாட்டு இல்லை, ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும் திட்டக் கோப்பு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘ஏன் திறக்கலை’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால்தான் எம்பி3. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் கூளமாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

பொழுதுபோக்கு என்றால் படமும் விளையாட்டும் மட்டுமா

வீட்டுக் கணினியில் நான் அதிகம் ரசிக்கும் ஒன்று ஸ்டெல்லேரியம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுடன் வானத்தைத் திரையில் விரிக்கும். திறந்ததும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஊர் வானத்தைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் வியாழனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குழந்தைகளுக்குக் கல்வி விளையாட்டுகள் கொண்ட ஜிகாம்பிரியும் படம் வரையும் டக்ஸ் பெயின்ட்டும் நல்லவை. இரண்டிலும் விளம்பரம் கிடையாது. ஆனால் குழந்தை உட்காருவது உங்கள் அட்மின் கணக்கில் என்றால் அடுத்த இன்ஸ்டாலை அதுவே போட்டுவிடும். தனியாக ஒரு சாதாரணக் கணக்கு திறந்து கொடுங்கள்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டு வாங்குபவர்களுக்கு ஒன்று: வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஓடுகிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள், ஓடவிட்டபடியே சாப்பிடப் போய்விடாதீர்கள்.

சித்தியின் கணினிக்கு வருவோம். செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். பாட்டு வெட்டும் மென்பொருள் வந்த அதே தேதியில் இன்னும் ஐந்து வந்திருந்தன. ஆறையும் நீக்கி, தேடுபொறியைப் பழையபடி மாற்றி, ஆடாசிட்டியைப் போட்டுக் கொடுத்தேன். சிவப்புப் பெட்டி போய்விட்டது. "அந்த 1,243 பிழையும் சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.