வெளிப்புற ரெண்டரில் வீடு பொம்மை மாதிரி தெரிகிறதா?

எலிவேஷன் ரெண்டர் (வீட்டின் வெளித்தோற்றத்தைக் கணினியில் உருவாக்கும் படம்) பிளாஸ்டிக் பொம்மை போல வந்தால் முதலில் சுவரின் வெள்ளையைப் பாருங்கள். பலரும் RGB-யில் (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) 255, 255, 255 என்று முழு வெள்ளை கொடுத்துவிடுகிறார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர்கூட விழுகிற ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். முழு வெள்ளையில் வெயில் பக்கம் வெளிறிப்போகும், சன்ஷேடுக்கு அடியில் விழவேண்டிய நிழலும் கரைந்துவிடும். மூன்று எண்களையும் 210 முதல் 230க்குள் வையுங்கள்.

அடுத்தது விளிம்பு. பாராபெட், தூண் மூலைகளுக்கு 3 முதல் 5 மி.மீ. பெவல் (கூர்மையான விளிம்பை லேசாக மழுக்குவது) போதும்; மெல்லிய வெளிச்சக்கோடு ஒன்று ஓடும். கொத்தனார் பூசிய எந்த மூலையும் கத்திபோல் இருப்பதில்லையே!

கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர், லென்ஸ் 28 முதல் 35 மி.மீ. இடம் போதவில்லையென்று 18க்கு இறங்கினால் பால்கனி மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். மாடி வெட்டுப்பட்டால் கேமராவை அண்ணாக்காமல் லென்ஸ் ஷிஃப்டை (கேமராவைச் சாய்க்காமல் காட்சியை மட்டும் நகர்த்தும் அமைப்பு) மேலே நகர்த்துங்கள், தூண்கள் சாயாது.

சூரியன் பக்கவாட்டில், 30 முதல் 40 டிகிரி உயரத்தில் இருக்கட்டும். கேமராவுக்கு நேர் பின்னால் வைத்தால் எல்லாச் சுவரும் ஒரே தட்டையாகிவிடும்.

ஜன்னல் கண்ணாடி உயிரில்லாமல் கிடந்தால் அதன் மெட்டீரியல் அமைப்புகளை (நிறம், பளபளப்பு போன்றவை) நோண்டாதீர்கள். கேமராவுக்குப் பின்னால் இரண்டு மரம், ஓர் எதிர்வீடு வையுங்கள். பிரதிபலிக்க ஏதாவது வேண்டுமல்லவா?