கூடப்பிறந்தவர்களோடு சிங்கப்பூரில் மூன்று நாள்: ஹோட்டல் பிடிப்பதில் சறுக்கும் இடங்கள்

நாங்கள் நான்கு பேர். அண்ணன் திருச்சியில், அக்கா கல்யாணமாகிப் போனது மலேசியாவில் இருக்கும் ஈப்போவுக்கு, தம்பி சென்னையில், நான் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில். நாலு பேரும் ஒன்றாகச் சேர்வதென்றால் யாருக்காவது கல்யாணம் நடக்க வேண்டும், அங்கேயும் ஆளுக்கொரு பக்கம் பந்தி பரிமாற ஓடிக்கொண்டிருப்போம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர், வீட்டுக்காரி, பிள்ளைகள் யாரும் இல்லாமல் நாங்கள் மட்டும் எங்காவது மூன்று நாள் தங்குவது என்று முடிவெடுத்தோம். முதல் தடவை சிங்கப்பூர், ஹோட்டல் பிடிக்கும் வேலை என் தலையில். ஆனால் உள்ளூர்க்காரிக்கு உள்ளூர் ஹோட்டலைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கள்? வீடு இங்கேயே இருக்கும்போது ஹோட்டலில் தங்க என்ன வேலை? செய்யக்கூடிய தவறை எல்லாம் அந்த ஒரே தடவையில் செய்து முடித்தேன். பிறகு தோழிகளின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பார்த்துக் கொடுத்து இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

முதல் சறுக்கல் அந்த மூன்று கோபுரப் படம். அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் செய்தியே அதுதான், மேலே கப்பல் மாதிரி உட்கார்ந்திருக்கும் மரினா பே சேண்ட்ஸ், கூடவே ‘இதுலதான் தங்கணும்’. தப்பில்லை. 57-ஆம் மாடிக் குளத்தில் கால் நீட்டிக்கொண்டு ஊரைப் பார்ப்பது ஒரு அனுபவம்தான். ஆனால் மூன்று இரவும் அங்கேயே எடுத்தால் அறைக்குக் கொடுத்த காசு மனதை உறுத்தி உறுத்தி, ‘இவ்வளவு கொடுத்தோமே’ என்று யாரும் வெளியே கிளம்பவே மாட்டார்கள், அல்லது வெளியே சுற்றிவிட்டுத் தூங்க மட்டும் வந்து அந்தக் காசைத் தூக்கத்துக்குக் கொடுப்பார்கள். ஆசை இருந்தால் ஒரு இரவு போதும், அதையும் கடைசி இரவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவே அங்கே தங்கிவிட்டால் அடுத்து போகிற ஹோட்டல் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் அது மாட்டுக்கொட்டகையாகத்தான் தெரியும்.

இன்னொன்று, ஒரே ஒரு அறை எடுத்து நாலு பேரும் குளத்தில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் குளம் ஹோட்டலில் பதிவான விருந்தினர்களுக்கு மட்டும். மேலே பார்வை மாடத்துக்குத் தனியாக டிக்கெட் விற்கிறார்கள், அதில் ஊரைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்க முடியாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து நீச்சல் உடையோடு வந்து நிற்பவர்கள் உண்டு (எங்கள் தம்பி).

சரி, கேசினோ, அதாவது சூதாட்டக்கூடம். இந்த ஊரில் மொத்தமே இரண்டுதான், ஒன்று மரினா பே சேண்ட்ஸில், இன்னொன்று செந்தோசா தீவில் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவில். இரண்டும் 2010-இல் திறந்தவை. கேசினோ பார்க்க வேண்டுமென்றால் கேசினோ ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையே இல்லை. வெளிநாட்டுக்காரர் எந்த ஹோட்டலில் தங்கினாலும் 21 வயது ஆகியிருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டி இலவசமாக உள்ளே போகலாம். பாஸ்போர்ட்டின் நகலைக் கொண்டுபோய் நிற்காதீர்கள், அசல் வேண்டும்.

இங்கேதான் கூடப்பிறந்தவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம். 2019 வரைக்கும் 100 வெள்ளியாக இருந்தது, அப்புறம் ஏற்றிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் சும்மா எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே வைத்தது. ஆக திருச்சி அண்ணனும் சென்னைத் தம்பியும் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார்கள், நிரந்தரவாசியான நான் வெளியே. அக்காவிடம் மலேசியப் பாஸ்போர்ட் இருந்தது, போயிருக்கலாம், ‘இவளைத் தனியா விட்டுட்டு எனக்கு என்ன அங்க வேலை’ என்று அவளும் வெளியே உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் என்று போனவர்கள் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். வாசலில் உட்கார்ந்து அக்காவும் நானும் பேசியது நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் மூன்று நாள் சேர்ந்திருக்க வந்த நாலு பேரைக் கேசினோ இரண்டு இரண்டாகப் பிரித்துவிடும், அதுவும் லிஃப்டில் இறங்கினால் கேசினோ என்கிற கட்டடத்தில் தங்கினால் தினமும் பிரிக்கும். இன்னும் நேராகச் சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் சீட்டாட்டத்தில் கை நிற்காத ஒருவர் இருக்கிறார் என்றால் (பெரும்பாலான வீடுகளில் இருக்கிறார், யாரும் பேச மாட்டார்கள்) அந்தக் கட்டடத்தில் அறையே எடுக்காதீர்கள். குளமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அப்படியென்றால் எங்கே தங்குவது? என் கட்சி தேக்காதான், லிட்டில் இந்தியாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட், அடுத்தது பேஃபிரண்ட், இறங்கினால் மரினா பே சேண்ட்ஸ். வடகிழக்குத் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து விவோசிட்டி கடைத்தொகுதிக்குள் போய் செந்தோசா ரயில், தீவுக்குள் போக 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். இரண்டு கேசினோ வளாகங்களுக்கும் இவ்வளவு சுலபமாகப் போகக்கூடிய இடத்தில் காலை இட்லியும் ராத்திரி பரோட்டாவும் காலடியில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? அக்கா ‘இங்க தோசை சரியில்லை, ஈப்போலதான்’ என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டே இருந்தாள், மூன்று நாளும் சாப்பிட்டாள்.

செந்தோசாவிலேயே தங்கலாமா என்றால், யூனிவர்சல் ஸ்டுடியோஸ், கடற்கரை இரண்டும்தான் திட்டம் என்றால் தங்கலாம். ஆனால் நடு வயதைத் தாண்டிய கூடப்பிறந்தவர்கள் ராட்டினம் ஏறவா கூடுகிறோம்? ராத்திரி பதினொன்றரைக்குப் பசித்தால் பெரும்பாலும் தீவைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும், நள்ளிரவுக்கு மேல் டாக்ஸியில் மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் கட்டணம், காலை ஆறு வரை அப்படித்தான்.

தேக்காவிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால் ஜன்னல் இல்லாத அறையாக இருக்கும். சிங்கப்பூரில் மலிவான ஹோட்டல்களில் இது சகஜம், அறை விவரத்தில் ஒரு சின்ன வரியாகப் போட்டிருப்பார்கள், நாம் படத்தில் விரிப்பின் வெண்மையைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுவோம். அண்ணனுக்கு அப்படி ஓர் அறைதான் எடுத்துக் கொடுத்தேன், காலை பத்து மணி வரை விடியவில்லை என்று நினைத்துத் தூங்கினார். பழைய கடைவீட்டைப் புதுப்பித்து ஹோட்டலாக்கிய இடங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிலவற்றில் லிஃப்ட் கிடையாது. முட்டிவலி இருக்கும் அக்காவோ அண்ணனோ உண்டென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுமுறையில் வரும் தொழிலாளர்களால் தெருவே நிரம்பி வழியும், எனக்குப் பிடிக்கும், சத்தம் ஆகாதவர்கள் ஃபேரர் பார்க் பக்கம் தள்ளிப் பாருங்கள், அதுவும் வடகிழக்குத் தடத்தில் அடுத்த நிலையம்தான்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. குளியலறைக் கண்ணாடி. இந்தக் காலத்து ஹோட்டல்களில் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே சுவருக்குப் பதில் கண்ணாடி வைப்பது ஒரு மோஸ்தர், தேனிலவுக்கு வந்தவர்களுக்குச் சரியாக இருக்கலாம், கூடப்பிறந்தவர்களுக்கு? முதல் பயணத்தில் அண்ணனும் தம்பியும் தங்கிய அறை அப்படித்தான் அமைந்தது. ஒருவர் குளிக்கும்போது மற்றவர் வராந்தாவில் நின்றார். முன்பதிவு செய்யும்போது படங்களில் குளியலறைப் படத்தைத் தேடிப் பாருங்கள், திரை இருக்கிறதா, சுவரா, கண்ணாடியா என்று. கட்டிலும் அதே கதைதான், ‘பெரியவர்கள் இருவர்’ என்று மட்டும் போட்டால் ஒரே பெரிய கட்டில் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம், தனித்தனிக் கட்டில் என்று இருக்கும் அறையையே தேர்ந்தெடுங்கள். நடுவே கதவு வைத்த ஜோடி அறை கேட்டால் பல ஹோட்டல்களில் ‘வேண்டுகோள்’ என்றுதான் குறித்துக்கொள்வார்கள், அது உறுதி இல்லை. உறுதி என்று மின்னஞ்சலில் எழுத்தில் வந்தால்தான் நம்புங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், சண்டை வருவது இதில்தான். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. ஆக 300++ என்று போட்ட அறை 359.70 வெள்ளி ஆகும். இரண்டு அறை, மூன்று இரவு என்றால் வெறும் கூட்டல் குறிக்கே 358 வெள்ளி, அதாவது இன்னொரு அறை வாடகை. நான் அண்ணனிடம் 300 என்று சொல்லியிருந்தேன், பில் வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. இதோடு உள்ளே நுழையும்போது அட்டையில் ஒரு தொகையை முன்வைப்பாகப் பிடித்து வைப்பார்கள், திரும்பி வர நாளாகும், டெபிட் அட்டை கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலேயே முடங்கிவிடும். யார் அட்டையைக் கொடுப்பது என்று வரவேற்பு மேசையில் நின்று நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பங்கு பிரிப்பதும் அப்படித்தான். நாலு பேர் சம்பளமும் ஒன்றில்லை, அண்ணன் ஓய்வு பெற்றவர், ரூபாயில் மாற்றிப் பார்ப்பார். வசதியில் கீழே இருப்பவர் சிரமமில்லாமல் கொடுக்கக்கூடிய தொகை எது என்று தெரிந்துகொண்டு அதிலிருந்து ஹோட்டல் தேட வேண்டும், நான் செய்த மாதிரி மேலிருந்து கீழே இறங்கக்கூடாது. தம்பி ‘மிச்சத்தை நான் போட்டுக்கறேன்’ என்றான், நல்ல மனசுதான், ஆனால் அப்புறம் எந்த ஹோட்டல், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாவற்றிலும் அவன் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது, அவனுக்கே தெரியாமல்.

காசு மிச்சம் பிடிக்கச் சிலர் இன்னும் சில வழிகள் பார்க்கிறார்கள். முழு வீடாக நாலு நாளைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்று இணையத்தில் தேடுவார்கள். இங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் ஆறு மாதம். நாள் வாடகைக்கு வரும் குடியிருப்பு வீடு சட்டப்படி கிடையாது, போய் இறங்கியபின் காவலாளி கேள்வி கேட்டால் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் தங்கினால் மலிவு என்பார்கள், உண்மைதான், ஆனால் இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் தினமும் இரண்டு பக்கமும் குடிநுழைவு வரிசை, சனி ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். கேலாங்கில் விலை குறைவு, சாப்பாடும் அருமை, சில லோரோங்குகளில் (சந்துகளில்) ராத்திரி வேறு வியாபாரம் நடக்கும், அக்காவைக் கூட்டிக்கொண்டு நடக்க உங்களுக்குச் சங்கடமில்லை என்றால் தாராளமாக எடுங்கள்.

தேதி. செப்டம்பர், அக்டோபர் பக்கம் எஃப் 1 கார்ப் பந்தயம், இரவுப் பந்தயமாக, மரினா பே தெருக்களிலேயே நடக்கும், 2008-இலிருந்து நடக்கிறது. அந்த வாரம் அறை விலையைப் பார்த்தால் மயக்கம் வரும், சாலைகளையும் மூடிவிடுவார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் காவடி ஊர்வலம், பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போக வேண்டும் என்றால் அதைவிட மோசமான நாள் இல்லை. திருச்சி, சென்னையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கினால் அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குத் தோதாகத் திட்டம் போடுங்கள். அறைக்குள் டுரியான் பழம் கொண்டு போகாதீர்கள், அந்த வாடைக்குப் பல இடங்களில் அபராதம். அக்காவுக்கு இது புரியவே இல்லை, மலேசியாக்காரி.

கடைசியாக நான் செய்ததிலேயே பெரிய தவறு. மூன்று பேருக்குத்தான் ஹோட்டல் பிடித்தேன். எனக்குத்தான் ஈசூனில் வீடு இருக்கிறதே, எதற்குத் தண்டச் செலவு என்று ஒவ்வொரு ராத்திரியும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினேன், காலையில் திரும்பி வந்தால் மூன்று பேரும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், ‘உனக்குச் சொன்னாப் புரியாது, நேத்து ராத்திரி நீ இருந்திருக்கணும்’ என்பார்கள். அப்பா கடைசி நாட்களில் அண்ணனிடம் என்ன சொன்னார் என்பதை அந்த மூன்று ராத்திரிகளில் ஒன்றில்தான் பேசியிருக்கிறார்கள், எனக்கு அது இரண்டு மாதம் கழித்து அக்கா போனில் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது அக்காவோடு அதே அறையில் என் பெயரையும் பதிவு செய்துகொண்டேன். என் வீட்டுக்காரர் ‘நம்ம வீட்டுலேர்ந்து ரயில்ல முக்கால் மணி நேரம், அதுக்கு ஹோட்டலா?’ என்று ஒரு வாரம் சிரித்தார். மாற்றுடையும் பல் துலக்கும் பிரஷும் முஸ்தபா கடைப் பை ஒன்றில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.