பழைய லாரி இன்ஜின்: வேலை பார்ப்பதா, மாற்றுவதா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

ஏழெட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி புகை தள்ள ஆரம்பித்ததும் பட்டறையில் காதில் விழும் முதல் வார்த்தை "இன்ஜினை இறக்கிடலாம்". அதைக் கேட்டு உடனே தலையாட்டி விடாதீர்கள். இறக்க வேண்டிய இன்ஜினும் உண்டு, டர்போவை (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய இன்ஜினும் உண்டு. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் புகைக்கும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்துத் தானே ஸ்டியரிங் பிடிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பது வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு இன்ஜின் செலவு கணக்கில் ஒரு வரி. ஒரு வண்டிக்காரருக்கு அது பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டு வாடகை, தவணை எல்லாம் சேர்ந்தது. அதனால் அவசரப்படாமல், வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் வண்டியை நிறுத்துங்கள்

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனமாக 'டக் டக்' என்று தட்டினாலோ, "லோடை இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். பேரிங் தேய்ந்த நிலையில் நிறுத்தினால் பேரிங், கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) வேலையோடு முடியலாம். அதே நிலையில் இன்னும் கொஞ்ச தூரம் இழுத்து, கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது) இன்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் 'வேலை பார்ப்பதா, மாற்றுவதா' என்ற கேள்விக்கே இடமில்லை.

2. சின்ன ஆட்களை முதலில் விசாரியுங்கள்

இன்ஜின் போனது போலவே காட்டும் சில்லறைக் கோளாறுகள் நிறைய. இதில்தான் நிறையப் பேருடைய காசு போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேங்கி வழிந்தால் டர்போ சீல் மீது சந்தேகம் வர வேண்டும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மீது அல்ல. அப்புறம் ஏர் டேங்க் டிரெயினைத் திறந்து விடுங்கள், தண்ணீரோடு கறுப்பு ஆயிலும் கொட்டினால் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரசர் ஆயிலைத் தள்ளுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கம்ப்ரசரே இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அதன் ரிங் தேய்ந்திருந்தால் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கி, ஆயில் ஊற்றும் வாய் வழியாக 'புஸ் புஸ்' என்று வெளியே வரும். பார்க்கிறவர் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றே நினைப்பார். கம்ப்ரசரின் டெலிவரி பைப்பைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். அந்தக் காற்று நன்றாகக் குறைந்துவிட்டால் குற்றவாளி கம்ப்ரசர்.

கறுப்புப் புகை, இழுவை இல்லை என்றால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ ஹோஸ் லீக். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசலோ, உள்ளே போகும் கூலன்டோ. தண்ணீர் குறைகிறது ஆனால் வெளியே சொட்டவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டோடு சேர்த்து ஆயில் கூலரையும், இருக்கிற வண்டியில் இ.ஜி.ஆர். கூலரையும் (திரும்ப இன்ஜினுக்குள் போகும் புகையைக் குளிர்விப்பது) பிரஷர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஐடிலில் ஓட விட்டு இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) இதைச் செய்யவே கூடாது. அதில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும், ஐடிலில்கூட மிக அதிகம், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

3. அளந்து பாருங்கள்

சின்ன ஆட்கள் யாரும் சிக்கவில்லையா? சரி, இப்போது இன்ஜினை அளக்கலாம். இன்னும் இறக்க வேண்டாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது): ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த சிலிண்டரின் வால்வோ, ரிங்கோ, பிஸ்டனோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விழுந்திருந்தால் பெரும்பாலும் கேஸ்கெட். ஒரு சிலிண்டர் கோளாறுக்காக முழு இன்ஜின் மாற்றுகிற முடிவுக்கு யாரும் உங்களைத் தள்ளவிடாதீர்கள்.

ஆயில் பிரஷர்: டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், தனி கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். உதாரணமாக, டாடா வண்டிகளில் நிறைய வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் 6பிடி இன்ஜினுக்கு ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். மற்ற இன்ஜின்களுக்கு மேனுவலில் இருக்கும். சூட்டில் பிரஷர் அதற்குக் கீழே போனால், சென்சார், ரிலீஃப் வால்வு, ஆயில் பம்ப் எல்லாம் சரிதான் என்று பார்த்த பிறகு, பேரிங் பக்கம் திரும்புங்கள்.

ஆயில் ஃபில்டர்: பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டி, உள்ளே இருக்கும் தாள் மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மடிப்புக்குள் வெள்ளி நிறத்தில் மினுமினுப்பது பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம். செம்பு நிறத் துகள் வந்தால் பேரிங் அடிவரை தேய்ந்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு புஷ் போகிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, அதாவது லைனர், ரிங், கேம், கிராங்க் இவற்றில் ஒன்று.

4. ஆயில் சம்பைக் கழற்றிக் கிராங்கைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் முடிவு இங்கேதான் இருக்கிறது. ஓடோமீட்டர் எத்தனை லட்சம் காட்டுகிறது என்பது இரண்டாவது. கிராங்கும் பிளாக்கும் இன்னும் எத்தனை முறை வேலை தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

இன்ஜினை இறக்காமலே சம்பைக் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி ஒரு ராடு கேப், ஒரு மெயின் கேப் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) மேல் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. கோட்டில் நகம் மாட்டினால் கிராங்கைக் கிரைண்டிங் போட (சீராகத் தேய்த்தெடுக்க) வேண்டும். அப்புறம் கழற்றிய பேரிங்கைத் துடைத்து முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சைஸ் அச்சடித்திருக்கும். 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தால் கிராங்க் இதுவரை தொடப்படவில்லை. 0.25, 0.50, 0.75 என்று இருந்தால் அந்த மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்கெனவே கிரைண்டிங் போயிருக்கிறது. பெரும்பாலான இன்ஜின்களுக்கு 1.00 வரைதான் பேரிங் கிடைக்கும். ஆக 0.75 எண்ணைப் பார்த்துவிட்டால் அடுத்த வேலைதான் கடைசி வேலை, அல்லது புது கிராங்க் செலவு. வண்டியை வாங்கியபோது "இன்ஜின் கைபடாதது" என்று சொல்லி விற்றார்களா, அதற்கும் இதில் பதில் கிடைத்துவிடும்.

பிளாக்கில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். லைனர் (சிலிண்டருக்குள் செருகும் தனிக் குழல்) போட்ட இன்ஜின் என்றால் லைனர் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெட் லைனர் (வெளியே நேராகக் கூலன்ட் படும் வகை) என்றால் அதன் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டிய வண்டிகளில் அதிகம் வரும். 6பிடி போன்ற லைனர் இல்லாத பிளாக் என்றால் போர் (சிலிண்டர் துளை) ஏற்கெனவே எத்தனை முறை பெரிதாக்கப்பட்டது என்று கேளுங்கள், 0.5, 1.0 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் பிறகு ஸ்லீவ்தான் (துளைக்குள் புதுக் குழல் செருகுவது). பேரிங் தன் இடத்திலேயே சுழன்று, அது உட்காரும் மெயின் ஹவுசிங்கே கெட்டிருந்தால் லைன் போரிங் (அந்த இடங்களை ஒரே நேராகக் கடைந்து சரிசெய்வது) வரை போக வேண்டும், அந்தக் கட்டத்தில் நான் மாற்றுவதையே சொல்வேன்.

5. கணக்குப் போடுங்கள்

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கும்: இருக்கிற இன்ஜினைக் கழற்றித் தேய்ந்ததை மாற்றும் முழு வேலை, பழையதைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி புதுப்பித்த ரீகண்டிஷன் இன்ஜினை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் (டாடாவின் புரோலைஃப் போல), சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய இன்ஜின்.

கீழே உள்ள எண்கள் கணக்குப் புரிவதற்காக மட்டும், உங்கள் கொட்டேஷனை இதில் போட்டுக்கொள்ளுங்கள். முழு வேலை 2.5 லட்சம், வண்டி 20 நாள் நிற்கும். எக்ஸ்சேஞ்ச் 4.5 லட்சம், 5 நாள். பழைய இன்ஜின் 1.5 லட்சம், 7 நாள். வண்டி நின்றால் தவணை, டிரைவர் படி, போன வாடகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 3,000 நஷ்டம் என்று வையுங்கள். அப்படியானால் உண்மையான செலவு 3.1 லட்சம், 4.65 லட்சம், 1.71 லட்சம்.

முழு வேலை 2 லட்சம் கிலோமீட்டரும், எக்ஸ்சேஞ்ச் 4 லட்சமும், பழைய இன்ஜின் 60,000மும் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு முறையே 1.55, 1.16, 2.85 ரூபாய். எக்ஸ்சேஞ்ச்தான் மலிவு போலத் தெரிகிறது, பழைய இன்ஜின் ஆக விலை கூடியது.

ஆனால் உங்கள் வண்டி இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறது? சேஸிஸில் விரிசல், கியர்பாக்ஸில் சத்தம், கேபின் துரு என்று ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் கைமாற்றி விடுவீர்கள் என்றால் அந்த ஒன்றரை லட்சத்தால்தான் வகுக்க வேண்டும். இப்போது முழு வேலை 2.07, எக்ஸ்சேஞ்ச் 3.10. முடிவு அப்படியே தலைகீழாகிவிட்டது. இன்ஜினின் ஆயுளால் வகுக்காதீர்கள், வண்டியிடம் மிச்சம் இருக்கும் ஆயுளால் வகுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (ஓட்டத் தகுதிச் சான்று) வருடா வருடம், வண்டி பழசாகப் பழசாகக் கட்டணமும் கூடுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிற நிலையில் வண்டி சந்தையில் என்ன விலை போகுமோ அதில் பாதியைத் தாண்டும் இன்ஜின் செலவு என்றால் நான் வண்டியையே விற்பதைப் பற்றி யோசிப்பேன்.

6. கொட்டேஷனை எழுதி வாங்குங்கள்

"திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று மெக்கானிக் சொல்வது நியாயம். அப்படியென்றால் திறப்பதற்கு ஒரு கூலி, திறந்த பிறகு லேத் பட்டறை அளவுகளோடு ஒரு பட்டியல் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். கிராங்கை மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சோதனை) போட்டு விரிசல் பார்த்தார்களா, எந்த கம்பெனி பிஸ்டன், எந்த கம்பெனி பேரிங், பழைய சாமான் திரும்ப வருமா, எல்லாம் அதில் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் என்றால் உங்கள் பழைய இன்ஜினை எந்த நிலையில் எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள், பிளாக் உடைந்திருந்தால் தனியாகக் காசு கேட்பார்கள்.

7. ஆர்.சி. விஷயம்

இன்ஜினை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறுகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்றிக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸிலும் மாற்றுங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பழைய இன்ஜின் வாங்கினால் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான பேப்பரும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால் உங்கள் வண்டிதான் ஸ்டேஷனில் நிற்கும். பி.எஸ். 4 வண்டிக்கு அதற்கு முந்தைய புகை விதிப்படி செய்த பி.எஸ். 3 இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. இன்ஜின் ஏறும் முன்பும் பின்பும்

பேரிங் போன இன்ஜினின் ஆயில் கூலரை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். உடைந்த துகள் அதன் இடுக்குகளில் தங்கி, புது பேரிங்கையும் கீறிவிடும், புது கூலர் போடுவதே நல்லது. டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழுவ வேண்டும். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் தூசி நேராக உள்ளே போய் ரிங்கைத் தின்றுவிடும், எனவே கிளாம்ப் உட்படப் புதிதாகப் போடுங்கள். முதலில் எதனால் இன்ஜின் சூடானது என்பதைத் தீர்க்காமல், அடைத்த ரேடியேட்டரோடு புது இன்ஜினை ஓட்டக் கூடாது.

ஏற்றியதும் மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடாதீர்கள், ரிங் உட்காராது. மிதமான லோடில், ஒரே வேகத்தில் நிற்காமல், சூட்டையும் ஆயில் பிரஷரையும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மெக்கானிக் சொல்லும் கிலோமீட்டரில் தவறாமல் மாற்றுங்கள். பொதுவாக அது வழக்கமான சர்வீஸைவிட மிகவும் முன்னதாகவே வரும்.