எலெக்ட்ரிக் சைக்கிளில் 200 கிலோமீட்டர்: அல்சூரில் இருந்து காவேரிப்பட்டணம் போய்த் திரும்புவது எப்படி

பெங்களூரில் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்குகிறவர்கள் முதல் மாதம் ஆபீசுக்கு ஓட்டுகிறார்கள், இரண்டாவது மாதம் "இதை வைத்து பி.ஆர்.எம். 200 முடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பி.ஆர்.எம். என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம், 200 என்பது கிலோமீட்டர். தூரத்தை முடிக்கலாம், ஆனால் மெடல் கிடைக்காது. இது தெரிந்த பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் விதியைப் பாருங்கள்

பி.ஆர்.எம். நீண்ட தூர ஓட்டங்களுக்கு விதி வகுப்பது பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். இந்தியாவில் அதை நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ். எந்த மாதிரி சைக்கிளும் வரலாம், ஆனால் மனித சக்தியால் மட்டுமே ஓட வேண்டும் என்பது விதி. மோட்டாரை அணைத்து வைத்திருந்தேன், பேட்டரியைக் கழற்றிவிட்டேன் என்றெல்லாம் போய் நிற்காதீர்கள், வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒளித்து ஓட்டலாம் என்ற யோசனையே வேண்டாம். 2016-இல் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிள் சட்டத்துக்குள் மோட்டார் இருந்தது பிடிபட்டு, 6 ஆண்டு தடை விழுந்தது.

அதனால் என்ன செய்யலாம்? பி.ஆர்.எம். கால அளவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு சொந்தமாக ஓட்டலாம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. பி.ஆர்.எம். என்பதே பந்தயம் இல்லை, முதலாவதாக வருகிறவருக்கும் கடைசியாக வருகிறவருக்கும் ஒரே மரியாதைதான். 200-க்குத் தேவைப்படும் சராசரி வேகம் சாப்பாடு, சிக்னல், பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15-க்கும் சற்றுக் குறைவு. எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு இது பெரிய வேகம் இல்லை. சிக்கல் வேகத்தில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது.

வண்டி சட்டத்துக்கு உட்பட்டதா?

250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குக் குறைவான எடை. இந்த வரம்புக்குள் இருந்தால் பதிவெண், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 40-இல் ஓட்டச் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய கிடைக்கும். அதைச் செய்த நிமிடமே உங்கள் சைக்கிள் பதிவு செய்யாத மோட்டார் வண்டி ஆகிவிடுகிறது. சட்டத்தை விடுங்கள், வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு ஏறி பேட்டரி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். நீண்ட தூரத்துக்கு அது எந்த வகையிலும் உதவாது.

பேட்டரிக் கணக்கு (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

பேட்டரி மீது வோல்ட், ஆம்பியர்-அவர் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் என்றால் 504 வாட்-அவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் மொத்த அளவு. கடைக்காரர் சொல்லும் "நூறு கிலோமீட்டர் ரேஞ்ச்" எல்லாம் மறந்துவிட்டு இந்த ஒரு எண்ணை மனதில் வையுங்கள்.

சமதளத்தில் குறைந்த அசிஸ்ட்டில் (மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவி), நீங்களும் ஒழுங்காக மிதித்தால், ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 8 வாட்-அவர் வரை போகும். மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனால் இரண்டு மடங்கு. சராசரி 6 என்று வைத்தாலும் 200 கிலோமீட்டருக்கு 1200 வாட்-அவர் வேண்டும், உங்களிடம் இருப்பது 500. ஆக, நாள் முழுக்க மோட்டாரைப் போட்டுக்கொண்டு ஓட்டவே முடியாது. எங்கே போடுவது, எங்கே அணைப்பது என்று முந்தின நாளே முடிவு செய்துவிட வேண்டும், மாதச் சம்பளத்தில் வாடகையை முதலில் எடுத்து வைக்கிற மாதிரி.

நான் சொல்லும் பாதை அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையில் தொடங்கி, சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகக் காவேரிப்பட்டணம் போய் அதே வழியில் திரும்புவது, ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே போங்கள். மைசூர் பக்கம் போகலாமே என்று கேட்கலாம். அந்த விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். ஓசூர் ரோடு லாரிக் கூட்டம்தான், ஆனால் தமிழில் பேசி பிளக் பாயிண்ட் கேட்கலாம்.

இந்தப் பாதையில் ஒரு வஞ்சகம் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமார் 500. போகும்போது காற்றில் மிதக்கிற மாதிரி சுகமாக இருக்கும், இவ்வளவுதானா என்று தோன்றும். திரும்பும்போது அந்த 400 மீட்டரையும் ஏற வேண்டும், அதுவும் மதிய வெயிலில், கால் களைத்த பிறகு. உங்கள் எடை, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், அதை 400 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 110 வாட்-அவர் ஆகும். மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 140-ஐத் தொடும். நடுவே வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தனிக் கணக்கு.

எனவே போகும் வழிக்கு 100 வாட்-அவருக்கு மேல் செலவழிக்காதீர்கள். சிக்னலில் இருந்து கிளம்பும்போதும் மேடுகளிலும் மட்டும் மோட்டார், மற்ற நேரம் அணைத்துவிட்டு மிதியுங்கள். மீதி 400 திரும்பும் வழிக்கு.

ஒத்திகை

நேரடியாக 200-க்குப் போகாதீர்கள். முதலில் 60, அப்புறம் 100. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குப் போய் ஏறிப் பாருங்கள், உச்சி 1478 மீட்டர். மலை ஏற்றத்தில் உங்கள் மோட்டாரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே விற்கும் பெரும்பாலான மலிவு விலை வண்டிகளில் பின் சக்கர ஹப் மோட்டார்தான், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய மோட்டார். அதற்கு உங்கள் கியரோடு சம்பந்தமில்லை. வேகம் ரொம்பக் குறைந்தால் மோட்டார் சூடாகும், பேட்டரியைக் குடிக்கும், தள்ளுவதோ கொஞ்சம்தான். ஆகவே ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, காலை வேகமாகச் சுழற்றி, சக்கரம் மெதுவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நடுவில் கியர் தேடுவது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்வது.

டிஸ்ப்ளேயில் காட்டும் நாலு கோடுகளை நம்பாதீர்கள். ஏற்றத்தில் இரண்டாகக் குறையும், நின்றால் மூன்றாகும். வோல்ட் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள்: 36 வோல்ட் பேட்டரி நிரம்பினால் 42 காட்டும், 36-க்குக் கீழே வந்தால் பாதிக்கு மேல் காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் மோட்டாரை அணைத்த பிறகு பார்க்கும் எண்தான் உண்மை.

வழியில் சார்ஜ்

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் 11 மணி வாக்கில் காவேரிப்பட்டணம் சேரலாம். அந்த நேரம் தற்செயலானது இல்லை. டிபன் முடிந்து சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முந்தைய இடைவெளி அது, ஓட்டலில் ஆள் இருக்காது. "அண்ணே, சைக்கிள் பேட்டரிக்கு ஒன்றரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா, கரண்டுக்கு காசு கொடுத்துடறேன்" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். முழு பேட்டரிக்கே அரை யூனிட்தான், பெரும்பாலும் காசு வேண்டாம் என்பார்கள், அதற்காக ஒரு காபியோடு எழுந்து வராதீர்கள், வயிறார மீல்ஸ் சாப்பிடுங்கள்.

2 ஆம்பியர் சார்ஜர் ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 110 வாட்-அவர் ஏற்றும். திரும்பும் வழியில் அந்த 400 மீட்டர் ஏற்றத்துக்கு முக்கால்வாசி ஆச்சு. வேகமாக ஏறட்டும் என்று அதிக ஆம்பியர் சார்ஜரை வாங்கி மாட்டாதீர்கள், பேட்டரி தயாரிப்பாளர் அனுமதித்த அளவுதான் எல்லை. வெயிலில் ஓடி வந்த பேட்டரியை உடனே மாட்டாமல், நிழலில் ஒரு கால் மணி நேரம் ஆறவிடுங்கள். கார்களுக்கான வேக சார்ஜிங் நிலையங்கள் நமக்கு உதவாது, பிளக்கே வேறு.

சாப்பிட்டு 12:30-க்குக் கிளம்பினால் திரும்ப 6 மணி நேரம் இருக்கிறது. சராசரி 17 வந்தால் போதும்.

பஞ்சர்

சாதா சைக்கிள் பஞ்சர் பத்து நிமிட வேலை. ஹப் மோட்டார் சக்கரம் அப்படி இல்லை. முதலில் பேட்டரியை அணைத்து, மோட்டார் வயர் இணைப்பைக் கழற்றி, அச்சு நட்டைத் திருக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 18-ஆம் எண் ஸ்பேனர், உங்கள் வண்டிக்கு எது என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல் வைத்த ஒன்று இருக்கும், மோட்டார் அச்சு சுழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான், அது மாறிப் போனால் வயர் அறுந்துவிடும். பஞ்சர் கடை அண்ணன்கள் கில்லாடிகள்தான், ஆனால் வயர் உள்ள சக்கரத்தைப் பார்த்ததும் பலர் கை வைக்கத் தயங்குவார்கள். டியூப், பம்ப், ஸ்பேனர், வயர் கட்ட நாலு டேக் எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும்.

உடம்பு, வெளிச்சம், மழை

மோட்டார் இருக்கிறதே என்று சாப்பிடாமல் ஓட்டுகிறவர்கள் ஓசூருக்கு முன்பே தலை சுற்றி உட்காருகிறார்கள். மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, தண்ணீர் அடிக்கடி, வியர்வை அதிகமானால் ஓ.ஆர்.எஸ். பசிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, பளபளக்கும் ஜாக்கெட் கட்டாயம். உங்கள் விளக்கு பிரதான பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் தனியாக ஒரு விளக்கும் வையுங்கள், பேட்டரி தீர்ந்து இருட்டிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம். அக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கம் சாயங்கால மழை சகஜம். டிஸ்ப்ளேக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சார்ஜ் துவாரத்துக்கு மூடி, இவ்வளவு போதும். தேங்கிய தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள், மோட்டார் அச்சு வரை நனையும்.

வீடு வந்த பிறகு

உடனே சார்ஜ் போட வேண்டாம். பேட்டரி ஆறட்டும், நீங்களும் குளித்துச் சாப்பிடுங்கள். அடுத்த ஓட்டம் ஒரு மாதம் கழித்துதான் என்றால் பாதிக்குச் சற்று மேல் ஏற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், 300-க்குத் திட்டம் போடும்போது இரண்டாவது பேட்டரி வாங்க வேண்டுமா, இல்லை வழியில் ஒரு லாட்ஜ் போட்டால் போதுமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.